எதிர்வீட்டு மாடியில் எங்கள் வெங்காயம்

ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு மண் இருக்கிறது. ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும். வீட்டுக்காரர் சிமென்ட் பூச மறந்த இடம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என் மனைவி அதில் வெங்காயம் வைத்த பிறகுதான் அதைத் தோட்டம் என்று சொல்ல ஆரம்பித்தோம்.

அவள் பாரூர்ப் பக்கத்துப் பெண். ஏரித் தண்ணீர் பாயும் நெல் வயலில் வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அந்த மண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊர்ல சேத்துல நின்னது போதுங்க" என்பாள். அடுத்த வருடம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் கரு தங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரமே எழுந்து சமைத்தாள், துவைத்தாள், பக்கத்து வீட்டார் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மத்தியானம் மட்டும் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு அந்தத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வாள். நான் ஷிப்ட் முடிந்து வரும்போதும் அங்கேயே இருப்பாள். "காப்பி போடட்டுமா?" என்பேன். "போடுங்க" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

என்னோடு ஒரே லைனில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஆனேக்கல்காரர். வீட்டில் கன்னடம், கம்பெனியில் எங்களோடு தமிழ். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவியைக் காணவில்லை என்று தேடினால், அவருடைய அம்மாவோடு கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது, இவளுக்குக் கன்னடம் வராது. நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று வெங்காயத்தாள். கடையில் கட்டுக் கட்டாக வாங்குவோமே, அதுபோலத்தான். ஆனால் குழாய் மாதிரி இன்னும் தடிமனாக, ஒவ்வொரு தூரிலும் பத்துப் பன்னிரண்டு தண்டுகள் சேர்ந்து நின்றன.

"ஈருள்ளி சொப்பு" என்றார் அந்த அம்மா. கத்தியால் ஒரு பிடியை அறுத்துக் காட்டிவிட்டு, "சாயல்ல மகளே, கொய்தஷ்டு பருத்தெ" என்று ஏதோ சொன்னார்.

"என்னாங்கறாங்க?" என்று நண்பரைக் கேட்டாள் என் மனைவி.

"இது சாகாதாம்மா. அறுக்க அறுக்க வருமாம். கீழ கிழங்கு பெருசா வைக்காது, தாள் மட்டுந்தான். அவங்க கல்யாணமாகி வந்தப்பவே இது இங்க இருந்துச்சாம்."

"சாகவே சாகாதா?"

நண்பர் அதை அம்மாவிடம் கன்னடத்தில் கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டு மண்வெட்டியை எடுத்து ஒரு தூரைத் தோண்டி, வேரோடு வாழையிலையில் சுற்றி என் மனைவி கையில் கொடுத்தார். பைக்கில் திரும்பி வரும் வழியெல்லாம் என் முதுகுக்கும் அவள் மடிக்கும் இடையில் அந்தப் பொட்டலம் இருந்தது. அத்திப்பள்ளி சிக்னலில் நிற்கும்போது, "ஏங்க, தொழு உரம் எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளாக எதையோ கேட்டது அதுதான்.

அந்த ஒரு தூரைப் பிரித்து நான்காக நட்டாள். வேர் நுனியையும் தாள் நுனியையும் கிள்ளிவிட்டு, விரலால் மண்ணை அழுத்தி, ஊரில் நாற்று நடுவதுபோலக் குனிந்து நட்டாள். ஓசூர்க் குளிர் அந்தச் செடிக்குப் பிடித்துப்போனது. ஒரு வருடத்தில் பாத்தி நிறைந்தது. தோசையில் தூவினாள், முட்டையில் போட்டாள், களிக்குப் பச்சையாகவே கடித்துக்கொண்டாள். மொட்டுவிட்ட தண்டைக் கண்டால் உடனே கிள்ளிப் போடுவாள். "பூவுக்கு விட்டா தாள் முத்திப்போயிடும்" என்பாள். நாங்கள் மறுபடி பேசிக்கொள்ள ஆரம்பித்ததே இந்தச் செடியைப் பற்றித்தான். இலைப்பேன் விழுந்திருக்கிறது, சாம்பல் தூவினேன், மழையில் ஓரத்துத் தூர் அழுகுகிறது என்று ஏதாவது இருக்கும். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு தை மாதக் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, அவள் மூக்கை மூடிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தாள்.

"ஏங்க, பின்னால எலி கிலி செத்துக் கெடக்குதா பாருங்க. கொடலப் பொரட்டுது."

கல்லுக்கு அடியில், சாக்கடை மூடிக்குக் கீழே, சுவர் இடுக்கில் எல்லாம் குனிந்து பார்த்தேன். எலியும் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது தோசைக்கு ஆகுமே என்று ஒரு பிடித் தாளை அறுத்துக்கொண்டு வந்தேன். சமையலறை வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டாள். வெளியே வந்தபோது கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. என்னையும் என் கையில் இருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுதாங்க" என்றாள். அப்புறம் மெதுவாக, "எனக்கு நாள் தள்ளியிருக்குங்க" என்றாள்.

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று இருவருக்குமே தெரியவில்லை. நான் முதலில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெங்காயம் என்ற பேச்சே கூடாது. சாம்பாரில் கிடையாது, சட்னியில் கிடையாது. கம்பெனி கேன்டீனில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். "குளிச்சிட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். குளித்துவிட்டு வந்தாலும் என் கையை மட்டும் தள்ளிவிடுவாள். "கையில இன்னும் இருக்குது." எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. கடைசியில் கேன்டீனில் நானும் தயிர் சோற்றுக்கு மாறினேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் நண்பர்கள், "என்ன சாமி, மாலை போட்டிருக்கியா?" என்று கேட்டார்கள்.

ஆனால் பாத்தியை என்ன செய்வது? பின்கதவைச் சாத்தினோம். சமையலறை ஜன்னலைச் சாத்தினோம். அப்படியும் அவளுக்கு வாசனை வந்தது. மூன்று நாள் சோறே இறங்கவில்லை.

"புடுங்கிப் போட்டுரலாமா?" என்றேன்.

அவள் அழுதுவிட்டாள். "புடுங்கிப் போடுங்கன்னு நான் சொன்னனா? ஆசையா வெச்சது. பக்கத்துல போக முடியலயேன்னு இருக்குது எனக்கு."

எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர்கள் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். பாய் பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார். மகன் பெங்களூரில், மகளை வாணியம்பாடியில் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு பேர்தான். விஷயத்தைக் கேட்டதும் அக்கா முகம் மலர்ந்தது, ஆனால் வாய்விட்டு வாழ்த்துச் சொல்லவில்லை. முன்னால் நடந்தது அவருக்குத் தெரியும்.

"எங்க மாடிக்குக் கொண்டாந்துரு தம்பி" என்றார். "காத்து அந்தப் பக்கந்தான் அடிக்குது, உங்க வீட்டுக்கு வராது."

ஞாயிற்றுக்கிழமை பாயும் நானும் பழைய பெயிண்ட் பக்கெட்டுகளின் அடியில் கம்பியைச் சூடு காட்டி ஓட்டை போட்டோம். என் மனைவியை முன்னறையில் கதவைச் சாத்தி உட்கார வைத்துவிட்டு, நான் பாத்தியைத் தோண்டினேன். ஒவ்வொரு தூரையும் மண்ணோடு சாக்குப்பையில் போட்டுத் தெருவைத் தாண்டி, படியேறி, பக்கெட்டில் இறக்கினேன். தோண்டத் தோண்ட வாசனை தெருவையே நிறைத்தது. முன்னறையிலிருந்து குரல் வந்தது. "ரொம்ப ஆழமா வெக்காதீங்க! வெள்ளத்தண்டு பாதி வெளிய தெரியணும்!" மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு பேசுவது குரலிலேயே தெரிந்தது.

அப்படித்தான் நான் வெங்காயம் வளர்க்க ஆரம்பித்தேன். அக்காவுக்கு முட்டி வலி, தினமும் மாடியேற முடியாது. நைட் ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அவர்கள் மாடிக்குப் போய்த் தண்ணீர் விட்டுவிட்டு, அங்கேயே குழாயில் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அவள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள்.

"தூர் கட்டுதா?"

"கட்டுது."

"எப்பிடி இருக்குது, பச்சையா, வெளுப்பா?"

"பச்சையாத்தான் இருக்குது."

"என்னாத்தப் பாத்தீங்க? போட்டோ எடுத்துட்டு வாங்க."

போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். போனை வாங்கி ஒரு நொடி பார்த்தாள். உடனே என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். படத்தில் வாசனை வருமா என்று கேட்கலாம். அவளுக்கு வந்தது. அதற்குப் பிறகு வாயால் சொன்னால் போதும் என்றாகிவிட்டது.

அந்த மாதங்களில் அவள் ரொம்பவே இளைத்துப்போனாள். வாந்திக்கு மாத்திரை கொடுத்த டாக்டரம்மா, போகப் போகச் சரியாகும் என்றார். ரம்ஜான் நோன்பு தொடங்கியபோது அவளுக்கு மூன்றாம் மாதம் முடியப் போகிறது. போன முறை போன அதே நாட்கள். படியில் இறங்கும்போதுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஒரு சாயங்காலம், நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால், அக்கா ஒரு சின்னத் தூக்கோடு வந்தார். வழக்கமாக எங்களுக்கு நோன்புக் கஞ்சி கொடுப்பார். இந்த முறை என்னை வாசலில் நிறுத்தி, "இது அவளுக்கு மட்டும். உனக்கு வேற இருக்குது, எங்க வீட்டுக்கு வந்து குடி" என்றார். உள்ளே போய் அவளிடம் தூக்கைக் கொடுத்தார்.

"வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல. அரிசி, பாசிப்பருப்பு, தேங்காப்பால், ரெண்டு ஏலக்கா. இத நோன்புக் கஞ்சின்னு சொன்னா எங்க வூட்டுல அடிக்க வருவாங்க. ஆனா குடி."

அவள் டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். பிறகு இன்னொரு வாய். நாங்கள் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முழு டம்ளரும் உள்ளே போனது. எதுவும் திரும்பி வரவில்லை.

"அக்கா, பயமா இருக்குதுக்கா" என்றாள் திடீரென்று.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் ஒண்ணு போச்சும்மா. பெரியவனுக்கும் சின்னவளுக்கும் நடுவுல. அதுக்கப்புறம் அவ வயித்துல இருந்தப்ப பத்து மாசமும் பயந்துகிட்டுத்தான் இருந்தேன். பயம் போகும்னு பொய் சொல்ல மாட்டேன். பயந்துகிட்டே சாப்புடு, பயந்துகிட்டே தூங்கு. அல்லா பாத்துக்குவான்."

பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியதால் அக்கா எழுந்து போனார். அந்த நோன்பு மாதம் முழுக்க அந்தச் சின்னத் தூக்கு தனியாக வந்துகொண்டிருந்தது. நாட்கள் கடந்தன. போன முறை நின்றுபோன இடத்தைத் தாண்டிவிட்டோம் என்பதை அவள் ஒரு காலையில் மெதுவாகச் சொன்னாள்.

வெயில் வந்ததும் மாடியில் தாள் நுனி காய ஆரம்பித்தது. மதியத்தில் பக்கெட் தொட முடியாத சூடு. பாய் கடையிலிருந்து கிழிந்துபோன பச்சைக் கொசுவலை ஒன்றைக் கொண்டுவந்தார். அதை நான்கு மூலையிலும் கட்டிப் பந்தல் போட்டோம். அக்கா படியேற மாட்டார் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பந்தல் போட்ட பிறகு தினமும் காலையில் மெல்ல மெல்ல ஏறி வந்து, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காய்ந்த நுனியெல்லாம் கிள்ளிக்கொண்டிருப்பார். நான் தண்ணீர் விட வந்தால், "ஊத்திட்டேன், போய்த் தூங்கு தம்பி" என்பார்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு அவளைப் பாரூருக்கு அழைத்துப் போனார்கள். வீட்டில் நான் தனியாள். இஷ்டத்துக்கு வெங்காயம் சாப்பிடலாம். ஆனால் கை போகவில்லை. கடையில் வாங்குவதைக்கூட மறந்திருந்தேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் போன் வந்தது.

"ஏங்க, பக்கத்து வூட்டுல வெங்காயம் வதக்கறாங்க."

"ஐயோ, கதவச் சாத்திக்கோ."

"இல்லீங்க. நல்லா இருக்குது."

"என்னா நல்லா இருக்குது?"

"வாசனதாங்க. பசிக்குது. நம்ம வெங்காயத்தாள் வேணும். களிக்குத் தொட்டுக்க."

அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்காவே முன்னால் மாடியேறினார். பொறுக்கிப் பொறுக்கி இளம் தாளாக அறுத்து, ஈரத் துணியில் சுற்றி, அதன் மேல் பேப்பரைச் சுற்றிக் கொடுத்தார். "வெயிலுக்கு முன்னால போய்ச் சேரு. வழியில டீ குடிக்கறேன்னு நிக்காத."

சூளகிரி தாண்டி, கிருஷ்ணகிரி தாண்டி, காவேரிப்பட்டணத்தில் திரும்பி, பாரூர் சேரும் வரை வண்டியின் முன்பக்கம் மாட்டிய பையிலிருந்து அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. லாரிகளுக்கு நடுவில் போகும்போதுகூட வந்தது. ஐந்தாறு மாதமாக நான் பயந்து பயந்து கழுவிக்கொண்டிருந்த வாசனை. இன்றைக்கு அதையே தூக்கிக்கொண்டு போகிறேன் என்று நினைத்தபோது ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன்.

அத்தை களி கிண்டி வைத்திருந்தார். கடலைச் சட்னி அரைத்திருந்தார். ஆனாலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாளியை அவள் பக்கத்திலேயே வைத்திருந்தார். "மாப்ள, இவ பேச்சக் கேட்டு இம்மாந்தூரம் வந்துட்டீங்களா?"

அவள் கட்டைப் பிரித்தாள். ஒரு தாளை உருவி, இரண்டாக ஒடித்து, முகர்ந்து பார்த்தாள். களியை உருட்டிச் சட்னியில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு தாளைக் கடித்தாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. நானும் அத்தையும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உள்ள இருக்குதாடி?" என்றார் அத்தை.

"இருக்குதும்மா." இன்னொரு தாளை எடுத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழக்கத்தில் என் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவள் என் வலது கையை இழுத்து, உள்ளங்கையை மூக்கருகில் வைத்து மூச்சை இழுத்தாள். அந்தக் கையை அவள் வெகு நேரம் விடவில்லை.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில், நல்ல மழை நாளில். அக்காவும் பாயும் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். பாய் தன் கடையில் தைத்த குட்டி மெத்தை ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

ஐந்தாம் மாதம் குழந்தையோடு என் மனைவி ஓசூர் திரும்பினாள். வந்த மறுநாளே, "மாடிக்குப் போலாம்" என்றாள். கொசுவலைப் பந்தலுக்குக் கீழே பக்கெட்டுகள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. நான் வைத்ததைவிட இரண்டு மடங்கு பக்கெட்டுகள். அக்கா பிரித்துப் பிரித்து நட்டிருக்கிறார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு பிடி கொடுத்திருக்கிறார். என் மனைவி ஒவ்வொரு பக்கெட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். ஓரத்தில் இருந்த ஒன்றைப் பார்த்ததும், "இது நீங்க வெச்சதுதான?" என்று என்னைக் கேட்டாள்.

"எப்பிடித் தெரியும்?"

"கழுத்து வரைக்கும் பொதச்சிருக்கீங்களே."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்தார். சிரித்து முடித்ததும், "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போம்மா. உன்னோடதுதானே" என்றார். ஆனால் பேசும்போதே ஒரு பக்கெட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "நீ இல்லாதப்ப எனக்கும் பொழுது போச்சு. காலைல எழுந்தா மேல ஏறணும்னு இருந்துச்சு."

என் மனைவி குழந்தையை அக்கா மடியில் வைத்தாள். "பாதி எனக்கு, பாதி உங்களுக்குக்கா. நீங்க மாடியேறறத நிறுத்திட்டா உங்க முட்டி அப்புறம் ஏற விடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி சாக்குப்பையோடு தெருவைத் தாண்டினேன். பின்பக்க மண்ணில் அவள்தான் நட்டாள். என்னை நட விடவில்லை. தண்ணீர் மட்டும் விடச் சொன்னாள். இப்போது அந்தப் பாத்தி பழையபடி நிறைந்துவிட்டது. குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கிறாள். தாளைப் பிடித்து இழுத்து, பிய்ந்து வந்ததை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, எதிர்மாடியைப் பார்த்துக் காட்டுகிறாள். அக்கா மேலேயிருந்து, "அடிப்பாவி, பிச்சுட்டியா!" என்று கத்துகிறார்.

போன மாதம் பாரூருக்கும் ஒரு தூர் கொண்டுபோய்க் கொடுத்தோம். அத்தை வாய்க்கால் ஓரமாக, தண்ணீர் வசதியான இடமாகப் பார்த்து வைத்தார். நேற்று போன் செய்தார்.

"மாப்ள, அது அழுகிப் போச்சு. நல்லாத்தான் தண்ணி பாஞ்சுது."

என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். "மேட்டுல வெக்கச் சொல்லுங்க. அடுத்த வாரம் வேற கொண்டாரோம்னு சொல்லுங்க."

சொன்னேன். அத்தை, "வரும்போது ரெண்டு தூரா கொண்டாங்க மாப்ள, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்" என்றுவிட்டு, பேத்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.